கிருமி வராத நாளிலும் லிம்போசைட் சாகாமல் இருப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "பெரும்பாலான லிம்போசைட்டுகள் தங்களுக்குரிய கிருமியை ஒருமுறைகூடச் சந்திக்காமல் வருடக்கணக்கில் உடம்பைச் சுற்றி வருகின்றன என்று படித்தேன். வேலையே இல்லாத செல் ஏன் சாவதில்லை? 'சர்வைவல் சிக்னல்' என்கிறார்களே, அது செல்லுக்குள் போய் அப்படி என்னதான் செய்கிறது?"

லிம்போசைட் என்பது நம் எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளையணு வகை; டி செல், பி செல் எல்லாம் அதன் பிரிவுகள். கேள்வியைத் திருப்பிப் போட்டால் பதில் பாதி வந்துவிடும். உயிரோடு இருப்பது இயல்பு, சாவுக்குத்தான் காரணம் வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். லிம்போசைட் விஷயத்தில் இது நேர்மாறு. சாவதற்கான எல்லா ஏற்பாடும் செல்லுக்குள்ளேயே தயாராக இருக்கிறது. வெளியிலிருந்து சிக்னல் வந்துகொண்டிருக்கும் வரை அது தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். ப்ரீபெய்டு சிம்மின் வேலிடிட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பை யாரும் வந்து துண்டிக்க வேண்டியதில்லை, ரீசார்ஜ் செய்யாமல் விட்டாலே போதும். லண்டனில் மார்ட்டின் ராஃப் 1992-ல் இதை லிம்போசைட்டுக்கு மட்டுமல்ல, விலங்குச் செல்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவான விதியாகவே முன்வைத்தார்: அக்கம்பக்கத்துச் செல்கள் "இரு" என்று சொல்லிக்கொண்டே இருக்காவிட்டால் செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும்.

இதை ஆய்வகத்தில் பார்ப்பது எளிது. எலியின் நெறியிலிருந்து (அடிபட்டால் கட்டுகிறதே, அந்த நிணநீர் முடிச்சு), இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத டி செல்களை எடுத்து (இவற்றைப் புது டி செல்கள் என்று சொல்கிறேன்) குளுக்கோஸ், அமினோ அமிலம், சீரம் எல்லாம் தாராளமாக உள்ள திரவத்தில் 37 டிகிரியில் வைத்தால், சில நாட்களில் பெரும்பாலானவை செத்துவிடும். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, விஷம் எதுவும் இல்லை, இருந்தும் சாகும். அதே திரவத்தில் இன்டர்லூக்கின்-7 என்ற புரதத்தை (இன்டர்லூக்கின்கள் என்பவை எதிர்ப்புச் செல்களுக்குச் செய்தி கொண்டுபோகும் புரதங்கள்) சிறிதளவு சேர்த்தால் பெருகாமல், சண்டைக்கும் தயாராகாமல் அப்படியே உயிரோடு இருக்கும்.

வேலை இல்லாத செல்லை உடம்பு எதற்கு வைத்துக்கொள்கிறது என்பதற்கு ஒரு வரி: எந்தக் கிருமி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மனித உடம்பில் லிம்போசைட்டுகள் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி என்ற அளவில் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனையில் நாம் எண்ணுவது அதில் நூற்றுக்கு இரண்டு பங்குதான், மிச்சமெல்லாம் நெறி, மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, குடல் என்று கிடக்கின்றன. ஒவ்வொரு டி செல்லும் பி செல்லும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் உருவான ஓர் ஏற்பியோடு (வெளியே உள்ள மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் மேற்பரப்புப் புரதம்) பிறக்கிறது. இந்த இருப்பு சுருங்கினால், அடுத்து வரும் புதுக் கிருமியை அடையாளம் காணும் செல்லே இல்லாமல் போகலாம். பெருகிக்கொண்டே போனால் இடம் பற்றாது, புற்றுநோய் ஆபத்தும் கூடும். ஆகவே எண்ணிக்கையை ஒரு மட்டத்தில் நிறுத்த வேண்டும். இதற்கெனத் தனியாகக் கணக்கெடுக்கும் உறுப்பு எதுவும் உடம்பில் இல்லை. ரீசார்ஜ் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு செல்கள். என் பார்வையில் இந்த விஷயத்தின் அச்சாணியே இதுதான்; பாடப்புத்தகங்கள் லிம்போசைட்டின் சண்டையைப் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, சண்டை இல்லாத காலத்து வாழ்க்கையை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன.

சரி, செல்லுக்குள் இருக்கும் அந்தச் சாவு ஏற்பாடு என்ன? மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில்தான் முடிவு எடுக்கப்படுகிறது. பாக்ஸ், பாக் என்று இரண்டு புரதங்கள். இவை கூட்டுச் சேர்ந்தால் சவ்வில் ஓட்டை விழும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சுவாச வேலை பார்த்துக்கொண்டிருந்த சைட்டோகுரோம் சி வெளியே கசியும். கசிந்தது ஏபாஃப்-1 என்ற புரதத்தோடு சேர்ந்து காஸ்பேஸ்-9 என்ற நொதியை முடுக்கும், அது காஸ்பேஸ்-3-ஐ முடுக்கும், பிறகு செல் உள்ளிருந்தே துண்டு துண்டாக வெட்டப்பட்டு, குப்பை அள்ளும் செல்லான பக்கத்து மேக்ரோஃபேஜால் சத்தமில்லாமல் விழுங்கப்பட்டுவிடும். 1972-ல் இந்த வகைச் சாவுக்கு அபாப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

பாக்ஸையும் பாக்கையும் கூட்டுச் சேரவிடாமல் பிடித்து வைத்திருக்கும் புரதங்களில் புகழ்பெற்றது பிசிஎல்-2. அதே குடும்பத்தில் எம்சிஎல்-1, பிசிஎல்-எக்ஸ்எல் என்று கூட்டாளிகளும் உண்டு. இவற்றைப் போய்க் கட்டிப்பிடித்து முடக்கும் எதிர்த்தரப்பு ஒன்றும் இருக்கிறது. லிம்போசைட்டில் அதன் முக்கிய ஆள் பிம். ஆக ஒரு லிம்போசைட் இன்றைக்கு இருக்குமா போகுமா என்பது பெரும்பாலும் பிசிஎல்-2 தரப்பு எவ்வளவு, பிம் தரப்பு எவ்வளவு என்ற கணக்குதான்.

பிசிஎல்-2 கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபாலிகுலர் லிம்போமா என்ற பி செல் புற்றுநோயில், 14-ஆம் 18-ஆம் குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்வது வழக்கம். அந்த ஒட்டில் சிக்கிய மரபணுதான் பிசிஎல்-2; பி செல்லில் ஆன்டிபாடி மரபணுவை எந்நேரமும் ஓடவைக்கும் பகுதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவதால் இதுவும் ஓயாமல் ஓடும். புற்றுநோய் மரபணு என்றால் செல்லை வேகமாகப் பெருக்குவது என்றுதான் அப்போது எல்லாரும் நினைத்தார்கள். மெல்போர்னில் வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வாக்ஸ், சூசான் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1988-ல் ஒரு எளிய சோதனை செய்தார். இன்டர்லூக்கின்-3 இல்லாவிட்டால் செத்துப்போகும் செல்களுக்குள் பிசிஎல்-2 மரபணுவைச் செலுத்திவிட்டு, இன்டர்லூக்கின்-3-ஐ நிறுத்தினார். செல்கள் பெருகவில்லை. ஆனால் சாகவும் இல்லை! சும்மா இருந்தன. பெருகுவதும் பிழைத்திருப்பதும் வெவ்வேறு சமாசாரங்கள், இரண்டாவதற்கெனத் தனி மரபணுவே இருக்கிறது என்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிசிஎல்-2 நீக்கப்பட்ட எலிகள் பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். சில வாரங்களில் லிம்போசைட்டுகள் கரைந்துபோகும், சிறுநீரகம் பழுதாகும், கறுப்பு எலியின் ரோமம் நரைத்துவிடும் (நிறமிச் செல்களும் சாவதால்). அதே எலியில் பிம் மரபணுவையும் சேர்த்து நீக்கிப் பார்த்தார்கள். லிம்போசைட்டுகள் திரும்ப வந்தன, சிறுநீரகம் தப்பியது, ரோமமும் கறுப்பாகவே இருந்தது. இரண்டு தரப்புக்கும் நடுவே உள்ள கணக்கு எவ்வளவு நேரடியானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது சிக்னலுக்கு வருவோம். புது டி செல்லுக்கு முதன்மையான ரீசார்ஜ் அந்த இன்டர்லூக்கின்-7. 1988-ல் அடையாளம் காணப்பட்டது. இதைத் தயாரிப்பவை லிம்போசைட்டுகளே அல்ல என்பதைக் கவனியுங்கள். நெறிக்குள் டி செல்கள் கூடும் பகுதியில் வலைப்பின்னல்போல் பரவியிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் (திசுவுக்குச் சட்டகம் கட்டும் செல்) வகைச் செல்கள்தான் முக்கிய உற்பத்தியாளர்கள். டி செல் ரத்தத்திலிருந்து ஒரு நெறிக்குள் நுழையும், அந்த வலையின் இழைகளை ஒட்டியே அரை நாள், ஒரு நாள் ஊர்ந்து திரியும், அப்புறம் நிணநீர்க் குழாய் வழியாக வெளியேறி ரத்தத்துக்குப் போய் அடுத்த நெறிக்குள் நுழையும். கிருமியைத் தேடி ரோந்து போவதாகத்தான் இதை வழக்கமாகச் சொல்வார்கள். அந்த ஊர்தலின்போதே வேலிடிட்டியும் நீட்டிக்கப்பட்டுவிடுகிறது.

செல்லின் மேல் இன்டர்லூக்கின்-7-க்கான ஏற்பி இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று அதற்கே உரிய ஆல்ஃபா சங்கிலி, இன்னொன்று பல இன்டர்லூக்கின்களுக்கும் பொதுவான காமா சங்கிலி. இன்டர்லூக்கின்-7 வந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்ததும், செல்லின் உட்பக்கம் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாக்-1, ஜாக்-3 என்ற இரண்டு நொதிகள் நெருங்கி வந்து ஒன்றையொன்று முடுக்கிவிடுகின்றன. அவை ஏற்பியின் வாலில் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. அந்த இடத்தில் வந்து அமரும் ஸ்டாட்-5 என்ற புரதத்துக்கும் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்-5 இரண்டிரண்டாகச் சேர்ந்து உட்கருவுக்குள் போய், பிசிஎல்-2 உள்ளிட்ட மரபணுக்களை ஓடச் செய்கிறது. செல்லின் வாசலிலிருந்து உட்கரு வரை இவ்வளவுதான் படிகள். நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். எம்சிஎல்-1-உம் இதன் வழியாகக் கிடைக்கிறது. ஆனால் அது ஆயுள் குறைந்த புரதம், தயாரித்த சில மணி நேரத்துக்குள் செல்லே அதைச் சிதைத்துவிடும். சிக்னல் ஒருமுறை வந்தால் போதாது, வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிக்னலின் சாரம் பிசிஎல்-2 தான் என்று எப்படிச் சொல்கிறோம்? இன்டர்லூக்கின்-7 ஏற்பி இல்லாத எலிகளில் டி செல்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த எலிகளுக்கு ஏற்பியைத் திருப்பித் தராமல், பிசிஎல்-2 மட்டும் எந்நேரமும் ஓடும்படி செய்தார்கள். டி செல்கள் பெருமளவு மீண்டன. அதாவது "இரு" என்ற செய்தியின் பெரும்பகுதி, கடைசியில் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் நிற்கும் அந்தக் காவலாளின் எண்ணிக்கைதான். பெரும்பகுதி என்றுதான் சொன்னேன், முழுசும் இல்லை. செல்லின் தீனி விஷயமும் இதில் இருக்கிறது. வெளியே குளுக்கோஸ் கொட்டிக் கிடந்தாலும், சிக்னல் நின்றுவிட்டால் அதை உள்ளே இழுக்கும் வாயில் புரதத்தை லிம்போசைட் தன் மேற்பரப்பிலிருந்து எடுத்துவிடும். செல் சுருங்கும், மைட்டோகாண்ட்ரியா தளரும். சாப்பாடு முன்னால் இருந்தும், சாப்பிட அனுமதி இல்லை. மேலே சொன்ன ஆய்வகச் சோதனையில் ஊட்டமான திரவத்துக்குள்ளேயே டி செல்கள் சாவதன் விளக்கத்தில் இதுவும் சேரும்.

டி செல்லுக்கு இன்னொரு சிக்னலும் வேண்டும், அது அதன் சொந்த டி செல் ஏற்பி வழியாக வருவது. கிருமியே இல்லையே, ஏற்பியில் எது ஒட்டும்? நம் சொந்தப் புரதங்களின் துண்டுகளை எம்எச்சி என்ற தட்டில் ஏந்தி நிற்கும் செல்கள் நெறி முழுக்க இருக்கின்றன. டி செல் அவற்றை லேசாகத் தொட்டுத் தொட்டுப் போகிறது. சண்டையைத் தொடங்கும் அளவுக்குப் பலமில்லாத தொடுகை, ஆனால் "உன் ஏற்பி வேலை செய்கிறது" என்று காட்டப் போதுமானது. எம்எச்சி இல்லாத எலிக்குள் புது டி செல்களை மாற்றி வைத்தால் அவை நாளடைவில் குறைந்துபோகின்றன. நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் என்ற உறுப்பில் டி செல்கள் உருவாகும்போதே இந்தத் தேர்வு ஆரம்பித்துவிடுகிறது. அங்கே எதையும் லேசாகக்கூடத் தொட முடியாத ஏற்பியோடு பிறந்தவை கவனிப்பாரற்றுச் சாகும், சொந்தப் புரதத்தைப் பலமாகப் பிடிப்பவை பிம் வழியாக ஒழிக்கப்படும். தைமஸில் பிறப்பவற்றில் நூற்றுக்கு 95-க்கு மேல் வெளியே வருவதே இல்லை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. லிம்போசைட்டுகளை நெறியிலிருந்து வெளியே அழைத்துப் போகும் கொழுப்பு மூலக்கூறாக மட்டும் வெகுகாலம் அறியப்பட்டிருந்த எஸ்1பி, நிணநீர்க் குழாய்ச் சுவரிலிருந்து வந்து புது டி செல்லின் மைட்டோகாண்ட்ரியாவைப் பேணுவதிலும் பங்கு வகிக்கிறது என்று 2017-ல் தெரியவந்தது. வழிகாட்டியும் பராமரிப்பாளரும் ஒரே மூலக்கூறு.

இனி நான் அச்சாணி என்று சொன்ன விஷயம். இன்டர்லூக்கின்-7 உற்பத்தி ஏறக்குறைய ஒரே சீராக நடக்கிறது. லிம்போசைட் எண்ணிக்கையைப் பார்த்து யாரும் அதைக் கூட்டிக் குறைப்பதாகப் பெரிய அளவில் தெரியவில்லை. செல்கள் அதிகமானால் ஆளுக்குக் கிடைக்கும் பங்கு குறையும், சிலது சாகும். செல்கள் குறைந்தால் எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். மிச்சமிருக்கும் செல்கள் பிழைப்பது மட்டுமல்ல, மெதுவாகப் பெருகவும் தொடங்கும். கீமோதெரபிக்குப் பிறகும் எச்ஐவி முற்றியவர்களிடமும் இப்படி அளவு ஏறுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று: இன்டர்லூக்கின்-7 கிடைத்த டி செல் தன் ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலியைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்கிறது. பங்கு வாங்கியவர் வரிசையிலிருந்து விலகி நிற்பதால், இன்னும் வாங்காத செல்லுக்கு அது கிடைக்கிறது. இந்த ஏற்பாடு இல்லையென்றால் அதே இன்டர்லூக்கின்-7-ஐக் கொண்டு வாழக்கூடிய செல்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்துவிடும். எலியில் ஏற்பி குறையாதபடி செய்துபார்த்தபோது, டி செல்கள் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தன.

வலைப்பின்னலே கெட்டுப்போனால்? எச்ஐவி தொற்றில் நெறிக்குள் கொலாஜன் படிந்து தழும்பேறுகிறது, அந்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் குறைகின்றன, இருப்பவற்றையும் டி செல்லால் நெருங்க முடிவதில்லை. மருந்து வைரஸை முழுக்க அடக்கிய பிறகும் சிலருக்கு சிடி-4 (எச்ஐவி குறிவைக்கும் டி செல் வகை) எண்ணிக்கை ஏறாமல் நின்றுவிடுவதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகக் கருதுகிறார்கள். டி செல்லை வைரஸ் கொல்வதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம், அதன் குடியிருப்பு பாழாவதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பி செல்லுக்கு வருவோம். கொள்கை அதேதான், ஆட்கள் வேறு. இங்கே ரீசார்ஜ் பாஃப் என்ற புரதம், 1999-ல் கண்டுபிடிக்கப்பட்டது. சிக்னல் போகும் வழி வினோதமாக இருக்கும். பி செல் என்ஐகே என்ற நொதியை ஓயாமல் தயாரிக்கிறது, தயாரித்த கையோடு டிராஃப்-3 என்ற புரதத்தின் துணையால் அதை அழித்துக்கொண்டும் இருக்கிறது. பாஃப் வந்து ஏற்பியில் ஒட்டியதும் டிராஃப்-3 ஏற்பியிடம் இழுக்கப்பட்டுச் சிதைக்கப்படுகிறது. அழிப்பவர் போய்விட்டதால் என்ஐகே சேர்கிறது. அது, மரபணுக்களை ஓட்டும் புரதங்களான என்எஃப்-கப்பா-பி குடும்பத்தின் இரண்டாம் பாதையைத் திறந்து, பிழைத்திருக்கத் தேவையான மரபணுக்களை ஓட்டுகிறது. எதையும் புதிதாகத் தூண்டாமல், தடையை நீக்கியே நடக்கும் சிக்னல்.

பி செல்லுக்கும் சொந்த ஏற்பியின் மெல்லிய சிக்னல் கட்டாயம். ஜெர்மனியில் கொலோன் நகரில் கிளவுஸ் ராயெவ்ஸ்கியின் குழு 1997-ல், முதிர்ந்த பி செல்லிலிருந்து அதன் ஏற்பியை மட்டும் நீக்கும்படி எலிகளை வடிவமைத்தது. அந்த பி செல்கள் விரைவில் செத்தன. எதையும் பிடிக்காமல் சும்மா இருந்த ஏற்பிதான், ஆனால் அது இல்லாமல் வாழ முடியவில்லை. ஏற்பி கெட்டுப்போன பி செல்லால் பயனில்லை, அதனால் அதன் உயிரையே ஏற்பியோடு முடிந்து வைத்திருக்கிறது உடம்பு.

பாஃப் அளவு கூடினால் என்ன ஆகும்? நல்லதுதானே என்று தோன்றும். சொந்த உடம்பைத் தாக்கக்கூடிய பி செல்களுக்குள் பிம் கொஞ்சம் அதிகம். ஆகவே அவை பிழைக்க மற்றவற்றைவிட அதிக பாஃப் வேண்டும். சாதாரண நாட்களில் போட்டியில் தோற்றுச் செத்துவிடும். பாஃப் தாராளமாகிவிட்டால் அவையும் தங்கிவிடுகின்றன. பாஃப் அதிகம் சுரக்கும் எலிகளுக்கு லூபஸ் (எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் நோய்) போன்ற நோய் வருகிறது. மனிதர்களில் பாஃபைப் பிடித்து வைக்கும் பெலிமுமாப் என்ற மருந்துக்கு 2011-ல் அமெரிக்காவில் லூபஸுக்காக அனுமதி கிடைத்தது. அந்த நோய்க்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த முதல் புது மருந்து அது. பி செல்களை ஒழிக்கும் ரிடுக்சிமாப் போட்டவர்களிடம் பாஃப் அளவு ஏறுவதும் அதே பழைய கணக்குதான், எடுத்துக்கொள்ள ஆளில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிருமியைச் சந்தித்து நினைவு செல்லான (அதே கிருமி மறுபடி வந்தால் எதிர்க்கத் தங்கியிருக்கும்) டி செல்களுக்கு, குறிப்பாக சிடி-8 வகைக்கு, இன்டர்லூக்கின்-7-உடன் இன்டர்லூக்கின்-15-உம் வேண்டும். இது பெரும்பாலும் தனியாக மிதந்து வருவதில்லை. டென்ட்ரிடிக் செல்லோ (கிருமித் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் செல்) மேக்ரோஃபேஜோ தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்ட வேண்டும். என்கே செல்கள் (தொற்றிய செல்களையும் புற்றுசெல்களையும் கொல்லும் இன்னொரு லிம்போசைட் வகை) இதையே முழுக்க நம்பியிருப்பவை, நிறுத்தினால் சில நாட்களில் காலி. ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜையில் ஏப்ரில் என்ற புரதத்தை பிசிஎம்ஏ ஏற்பி வழியாகப் பெற்று, எம்சிஎல்-1 துணையோடு நீண்டகாலம் வாழ்கின்றன. சின்ன வயதில் போட்ட தடுப்பூசியின் ஆன்டிபாடி இன்னும் நம் ரத்தத்தில் இருப்பது இவற்றால்தான். எதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் (2025 மருத்துவ நோபல் பரிசு இவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான்) இன்டர்லூக்கின்-2-ஐ நம்பி வாழ்கின்றன, ஆனால் தாமே அதைத் தயாரிப்பதில்லை. சண்டைக்குக் கிளம்பும் மற்ற டி செல்கள் சுரப்பதுதான் இவற்றுக்கு உயிர். அடக்க வேண்டியவர்கள் எவ்வளவு துள்ளுகிறார்களோ, அந்த அளவுக்கு அடக்குபவர்களும் இருப்பார்கள்.

சண்டை வந்துவிட்டால் கணக்கு மாறும். கிருமியைப் பிடித்த டி செல்லுக்கு சிடி-28 என்ற மேற்பரப்புப் புரதத்தின் வழியாக இரண்டாவது சிக்னல் கிடைத்தால் பிசிஎல்-எக்ஸ்எல் ஏறி, அந்தக் கொந்தளிப்பைத் தாங்கும். கிருமி ஒழிந்ததும், பெருகியவற்றில் நூற்றுக்கு 90 முதல் 95 வரை ஓரிரு வாரங்களில் செத்துவிடும். இன்டர்லூக்கின்-7 ஏற்பியை மறுபடி ஏற்றிக்கொண்ட சிறு கூட்டம்தான் பெரும்பாலும் நினைவு செல்களாகத் தங்குகிறது. இந்தக் கழிவு ஒழுங்காக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஃபாஸ் என்ற சாவு ஏற்பியில் பழுதோடு பிறக்கும் குழந்தைகள் சாட்சி: நெறிகளும் மண்ணீரலும் வீங்கி, சொந்த ரத்தச் செல்களையே எதிர்ப்பு மண்டலம் தாக்கும்.

சிக்னல் பாதையே அறுந்து பிறப்பவர்களும் உண்டு. அந்தப் பொதுவான காமா சங்கிலி ஆறு இன்டர்லூக்கின்களுக்கு உரியது. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பழுது பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத்தான் பாதிக்கும். ஹூஸ்டனில் 1971-ல் பிறந்து 1984-ல் இறந்த, பிளாஸ்டிக் குமிழுக்குள் வளர்ந்த டேவிட் வெட்டருக்கு இருந்தது இந்த வகை நோய்; டி செல்லும் என்கே செல்லும் இல்லாமல், கிருமிகளை எதிர்க்க முடியாமல் பிறப்பது. காரணமான மரபணு 1993-ல்தான் தெரிந்தது. ஜாக்-3 பழுதானாலும் அச்சு அசல் அதே நோய். ஆல்ஃபா சங்கிலி மட்டும் பழுதானால் டி செல்கள் இருக்காது, என்கே செல்கள் இருக்கும்; இன்டர்லூக்கின்-15-க்கு அந்த ஆல்ஃபா சங்கிலி தேவையில்லையே. நோயாளியிடம் எந்தச் செல் இல்லை என்று பார்த்தே எந்தப் படி அறுந்தது என்று ஊகித்துவிடலாம்.

பாரிஸில் அலைன் ஃபிஷரின் குழு, இந்த நோயுள்ள குழந்தைகளின் மஜ்ஜைச் செல்களில் சரியான காமா சங்கிலி மரபணுவைச் செலுத்தி 2000-இல் வெற்றி கண்டது. எல்லாச் செல்லையும் சரிசெய்ய வேண்டிய அவசியமே அங்கே வரவில்லை. சரியான சில செல்களுக்கு மட்டுமே "இரு" என்ற குரல் கேட்கும் என்பதால் அவையே பெருகி இடத்தை நிரப்பிக்கொண்டன. (மரபணு தப்பான இடத்தில் போய் ஒட்டியதால் சில குழந்தைகளுக்குப் பிறகு ரத்தப் புற்றுநோய் வந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.)

மருந்துக் கடையிலும் இந்தப் பாதையைப் பார்க்கலாம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோஃபாசிட்டினிப் ஜாக்-1, ஜாக்-3 இரண்டையும் தடுக்கிறது; அதனால்தான் அதைத் தொடங்கும் முன்னும் இடையிலும் லிம்போசைட் எண்ணிக்கை பார்க்கச் சொல்கிறார்கள். நாட்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்க்கு 2016-ல் வந்த வெனட்டோகிளாக்ஸ், பிம் செய்யும் வேலையைச் செய்கிறது, பிசிஎல்-2-வைப் பிடித்து முடக்குகிறது. அந்தப் புற்றுசெல்கள் பிசிஎல்-2-வை அவ்வளவு நம்பியிருப்பவை. மருந்தை முழு அளவில் ஒரேயடியாகக் கொடுத்தால் கொத்துக் கொத்தாகச் செத்து, அவற்றின் கழிவே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஆகவே 20 மில்லிகிராமில் தொடங்கி வாரம் வாரமாக ஏற்றி ஐந்தாவது வாரம்தான் 400-க்கு வருவார்கள்.

அப்படியானால் இந்த இன்டர்லூக்கின்களை ஊசியாகப் போட்டு எதிர்ப்புச் சக்தியை ஏற்றிவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். எச்ஐவி நோயாளிகளுக்கு இன்டர்லூக்கின்-2 கொடுத்த இரண்டு பெரிய சோதனைகளின் முடிவு 2009-ல் வெளிவந்தது. சிடி-4 எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. நோய்த்தொற்றும் இறப்பும் குறையவில்லை. எண்ணிக்கையை ஏற்றுவது ஒன்று, காக்கும் திறன் இன்னொன்று. இம்யூனிட்டி பூஸ்டர் என்று டப்பாவில் அச்சடித்து விற்பவர்கள் எண்ணிக்கையைக்கூட ஏற்றிக் காட்டுவதில்லை, அது வேறு கதை.

கணக்கைப் புரிந்துகொண்டு பயன்படுத்துவது கார்-டி சிகிச்சையில் நடக்கிறது. நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்து, புற்றுசெல்லை அடையாளம் காணும் செயற்கை ஏற்பியைப் பொருத்தித் திருப்பிச் செலுத்துவது அது. இந்தியாவிலேயே ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மையமும் உருவாக்கிய நெக்ஸ்கார்-19 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. செல்களைச் செலுத்தும் முன் ஃப்ளுடாராபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்துகளைச் சில நாள் கொடுத்து, இருக்கும் லிம்போசைட்டுகளைக் குறைத்துவிடுவார்கள். எதிர்ப்பு சிகிச்சைக்கு முன்னால் எதிர்ப்புச் செல்களையே ஏன் கொல்கிறார்கள் என்று நோயாளியின் வீட்டார் திகைப்பது நியாயம்தான். முக்கியக் காரணங்களில் ஒன்று, இன்டர்லூக்கின்-7-க்கும் 15-க்கும் போட்டியிடுபவர்கள் குறைந்தால் புதிதாக வருபவற்றுக்குப் பங்கு கூடும் என்பது. லிம்போமா நோயாளிகளில், இந்த மருந்துகளுக்குப் பிறகு ரத்தத்தில் இன்டர்லூக்கின்-15 அதிகம் ஏறியவர்களிடம் நோய் அடங்கியது கூடுதலாக இருந்ததாகக் கண்டிருக்கிறார்கள்.

ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனைக் குழு இன்னும் ஒரு படி போனது. தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த என்கே செல்லில் செயற்கை ஏற்பியோடு இன்டர்லூக்கின்-15 மரபணுவையும் சேர்த்து, தன் ரீசார்ஜைத் தானே செய்துகொள்ளும்படி ஆக்கினார்கள். 2020-ல் வெளியான முதல் சோதனையில் 11 நோயாளிகளில் 8 பேருக்குப் பலன் தெரிந்தது, வெளியிலிருந்து இன்டர்லூக்கின்-15 கிடைக்காவிட்டால் சில நாட்களில் சாகும் வகைச் செல்கள் 12 மாதம் வரை உடம்பில் தங்கியிருந்தன. யாருடைய அனுமதியும் இல்லாமல் வாழத் தெரிந்த செல் கைமீறிப் போகலாம் என்பதால், அதே மரபணுத் தொகுப்பிலேயே ஒரு மருந்து கொடுத்தால் முடுக்கப்படும் காஸ்பேஸ்-9-ஐயும் சேர்த்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.